1-ஐயும் 9-ஐயும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்

மாஜோங் என்பது நான்கு பேர் காய்களை எடுத்தும் போட்டும், மும்மூன்று காய்த் தொகுதிகளும் ஒரு ஜோடியும் சேர்த்துக் கையை முடிக்கும் ஆட்டம். ஜப்பானில் கென்கோ (ஆரோக்கிய) மாஜோங் என்று ஒரு வகை வகுப்பு உண்டு. காசு வைத்து ஆடுவதில்லை, குடிப்பதில்லை, புகைப்பதில்லை; ஆட்டம் மட்டும்தான். அப்படி ஒரு வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு ஜப்பானிய வகையான ரீச்சி மாஜோங் சொல்லித்தருவது என் வேலை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். அவர்கள் புள்ளிகளை இழப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எண்காய்கள் பின், மான், சோ என்று மூன்று வகை; ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, எண்ணுக்கு நான்கு காய்கள். அவற்றில் ஓரக்காய்களான 1-ஐயும் 9-ஐயும் எல்லோரும் குப்பை மாதிரி நடத்துகிறார்கள்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தனியாக நிற்கும் 5-க்குத் துணை சேர 3, 4, 6, 7, இன்னொரு 5 என மொத்தம் 19 காய்கள் உண்டு. 1-க்கு 2, 3, இன்னொரு 1 மட்டும்தான், 11 காய்கள். போதாததற்கு, தன்யாவோ என்ற எளிய யாகு (ஜெயிக்கத் தேவையான அமைப்பு) வேண்டுமென்றால் 1, 9, எண் இல்லாத எழுத்துக்காய் எதுவுமே கையில் இருக்கக் கூடாது. அதனால் "முதலில் ஓரத்தைத் தள்ளுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். நானும் சொல்கிறேன். கை வேகமாகச் சேரும்போது அது சரி. கை மந்தமாக இருக்கும்போதும் அதையே செய்வதுதான் ஆபத்து.

போன மாதம் நடந்தது இது. 70 வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். அவர் போட்ட காய்களில் முதல் வரிசை ஆறும் நிரம்பிவிட்டது. கை தென்பாய் (இன்னும் ஒரே காய் வந்தால் ஜெயிக்கும் நிலை) ஆக இன்னும் மூன்று காய்கள் வேண்டும். எதோடும் ஒட்டாமல் நின்றவை இரண்டு: 1 பின், 7 பின். 7-க்கு ஏதாவது வந்து ஒட்டும் என்று 1-ஐத் தள்ளினார். இரண்டு சுற்று கழித்து டீலர் 4 பின்னைப் படுக்கவைத்து ரீச்சி சொன்னார், அதாவது தான் தென்பாய் என்று அறிவித்தார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். 4 போயிருக்கிறது, 7 சுஜிதானே என்று அதைப் போட்டார். "ரான்!" என்று டீலர் அந்தக் காயிலேயே ஜெயித்துவிட்டார். டீலர் கையில் 6-ம் 8-ம் இருந்தன. 4-6-8 என்று இருந்ததில் 4-ஐப் போட்டுவிட்டு நடுவிலுள்ள 7-க்குக் காத்திருந்திருக்கிறார். 12,000 புள்ளிகள். ரானில் காயைப் போட்டவர் ஒருவரே முழுவதையும் கட்ட வேண்டும். 25,000-ல் தொடங்கும் ஆட்டத்தில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரு காயில் போய்விட்டது.

சுஜி என்பது என்ன? 5-6 வைத்திருப்பவர் 4-க்கும் 7-க்கும் காத்திருப்பார். அவரே 4-ஐப் போட்டிருந்தால் ஃபுரிதென் (காத்திருக்கும் காயைத் தானே முன்பு போட்ட நிலை); 7-க்கும் ரான் சொல்ல முடியாது. அந்த அளவுக்குத்தான் 7 பாதுகாப்பு. 6-8 வைத்திருப்பவரும் 8-9 வைத்திருப்பவரும் தாராளமாக 7-ஐப் பிடிக்கலாம். 1 அப்படியல்ல. அது எந்த வரிசைக்கும் நடுவில் வராது. வரிசைக்காக 1-ஐக் கேட்பவர் 2-3 வைத்திருப்பவர் மட்டும்தான். அவரையும் அந்த 4 ஃபுரிதென் ஆக்கிவிடும். மிச்சம் இருப்பது ஷான்போனும் (இரண்டு ஜோடிகளில் ஒன்று மூன்றாகக் காத்திருப்பது) தான்கியும் (ஒற்றைக் காய் ஜோடியாகக் காத்திருப்பது). அன்று மேசையில் வேறு இரண்டு 1 பின் வெளியே கிடந்தன. அம்மா தன்னுடையதை வைத்திருந்தால் கண்ணில் படாதது ஒன்றே ஒன்று. ஒரே காயை வைத்து ஜோடி கிடையாது, அதனால் ஷான்போனுக்கு வழியே இல்லை. தான்கி மட்டும்தான் பயம். ஒரே சுஜி, ஆனால் 7-க்கும் 1-க்கும் இவ்வளவு தூரம்.

ஆகவே என் மாணவர்களிடம் இப்போது இப்படிச் சொல்கிறேன். முதல் வரிசை நிரம்பியதும் கையை ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள். தென்பாய் தூரத்தில் இருந்தால் ஒட்டாத நடுக்காயை முதலில் போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அதைப் பிடிக்க மற்றவர்களும் தயாராக இருப்பது குறைவு. ஓரக்காயைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டும் நம்பக் கூடாது. ஒருவர் ஆரம்பத்திலிருந்தே 4, 5, 6 என்று போட்டு, 1, 9, எழுத்துக்காய் ஒன்றைக்கூட விடவில்லை என்றால் அவர் சான்தாவோ (ஒவ்வொரு தொகுதியிலும் ஓரக்காயோ எழுத்துக்காயோ உள்ள கை) கொகுஷியோ (ஓரக்காய், எழுத்துக்காய் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று சேர்க்கும் கை) கட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்கு உங்கள் ஓரக்காய்தான் தேவை. ஏழு ஜோடி கட்டுபவர்களும் வேண்டுமென்றே ஓரக்காயில் தான்கி வைப்பார்கள். எல்லோரும் பயமில்லாமல் போடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். 2-3 வைத்து 1-4 காத்திருப்பு உங்களுக்கே அமைந்தால், அதே காரணத்தால் 1 சுலபமாக வெளியே வரும்.

அந்த அம்மா அடுத்த வாரமும் வந்தார். மந்தமான கை. ஏழாவது காயாக 5 மானைப் போட்டுவிட்டு, 9 சோவைக் கையின் வலது ஓரத்தில் தள்ளி நிறுத்தினார். டீலர் ரீச்சி சொன்னார். அவர் போட்டவற்றில் 6 சோ இருந்தது. அம்மா 9 சோவைப் போட்டார். அப்புறம் டீலர் போட்ட காய்களையே தேடித் தேடிப் போட்டு, எடுப்பதற்காகச் சுவராக அடுக்கிய காய்கள் தீரும்வரை தாக்குப்பிடித்தார். யாரும் ஜெயிக்கவில்லை. டீலர் மட்டும்தான் தென்பாய், கையைத் திறந்தார். 6-7 மான், 5-8 காத்திருப்பு. தென்பாய் இல்லாததற்கு அம்மா கட்டியது 1,000 புள்ளிகள்.