பரம்பரை வலிப்பும் மரபணு வலிப்பும் ஒன்றல்ல

குழந்தைகளின் வலிப்புநோய் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘பரம்பரை வலிப்பு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அண்மையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி கொண்டுவந்து காட்டிய தாளிலும் அதுதான் இருந்தது. அதை வாசித்த மாமியார், “எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை. உன்ரை பக்கத்தாலைதான் வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டாராம். தாளை எழுதியவர் சொல்ல வந்தது ‘ஜெனடிக்’, அதாவது நோயின் காரணம் மரபணுவில் இருக்கிறது என்பது. பெற்றவளின் தலையில் விழுந்ததோ பழி.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். வலிப்பில் உள்ள ‘வலி’ நோவு அல்ல, இழுத்தல். படகில் தண்டு வலித்தல் என்கிறோமே, அதே வலி. ‘ஜெனடிக்’ கிரேக்க வேரிலிருந்து வந்தது. பிறத்தல், தோன்றுதல் என்பது அதன் பொருள். அந்த வேரிலிருந்துதான் 1909இல் டென்மார்க்குத் தாவரவியலாளர் யொகான்சன் ‘ஜீன்’ என்ற சொல்லை ஆக்கினார். ‘பரம்பரை’ வடசொல், ஒன்றன்பின் ஒன்றாக வருவது. அந்த வேரில் தோற்றம் இருக்கிறது, இந்தச் சொல்லில் தொடர்ச்சி இருக்கிறது. சிக்கல் இங்கேதான்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் இங்கிரிட் ஷெஃபர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரும் சாமுவேல் பெர்கோவிக் என்ற நரம்பியல் மருத்துவரும் பல ஆண்டுகளாக வலிப்பின் மரபணுக்களைத் தேடிவருகிறார்கள். ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த, தூக்கத்தில் வரும் வலிப்புக்குக் காரணமான மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. அதைப் பரம்பரை வலிப்பு என்று எழுதுங்கள், ஒரு குறையும் இல்லை.

ஆனால் ட்ராவே நோய்க்குறி வேறு. ஆறு மாதம் வரை சுகமாக வளர்ந்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வரும்; அப்புறம் வளர்ச்சியும் பின்தங்கும். தடுப்பூசி போட்டதையொட்டி முதல் வலிப்பு வந்ததால் ஊசிதான் மூளையைப் பாதித்தது என்று கருதப்பட்ட 14 பேரை இதே குழுவினர் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் விகாரம், அதாவது மாற்றம், இருந்தது. பெற்றோரின் மரபணுவையும் பார்க்க முடிந்த இடங்களில், அந்த விகாரம் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. பிள்ளையில் புதிதாகத் தோன்றியது. ஏட்டைப் படியெடுப்பவர் புதிதாக விட்ட பிழையை மூல ஏட்டில் தேடிப் பயனில்லை அல்லவா? தடுப்பூசி போடக் கூட்டிப்போனோமே என்று ஆண்டுக்கணக்காகக் குமைந்த பெற்றோருக்கு அந்த ஆய்வு எவ்வளவு பெரிய ஆறுதல்! அதைத் தமிழில் ‘பரம்பரை’ என்று எழுதினால், ஊசியின் மேலிருந்த பழியை இறக்கித் தாயின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

பிழைக்கு நமது பாடநூல் தமிழும் ஒரு காரணம். இலங்கையில் ஜீனைப் ‘பரம்பரையலகு’ என்றே படிக்கிறோம். கலம் (செல்), நிறமூர்த்தம் (குரோமோசோம்), விகாரம் என்று நம்மவர்கள் ஆக்கிய சொற்களில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். ‘பரம்பரையலகு வலிப்பு’ என்று கவனமாக எழுதினாலும் வாய் அதைப் பரம்பரை வலிப்பாகக் குறுக்கிவிடும். ஜீன்களை ஆராயும் துறைக்கு வைத்த ‘பிறப்புரிமையியல்’ இன்னும் மோசம். நோய் யாருக்கு உரிமை?

சிலர் ‘பிறவி வலிப்பு’ என்கிறார்கள். பிறக்கும்போதே இருப்பது பிறவி நோய். ஆறாம் மாதத்தில் தலைகாட்டுவதை அப்படிச் சொன்னால், பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய் என்று அடுத்த விசாரணை தொடங்கும். ‘குடிவழி நோய்’ தூய தமிழ்தான். தூய்மை எனக்கும் பிடிக்கும், ஆனால் பிழையான பொருளைத் தூய தமிழில் சொல்வதால் அது சரியாகிவிடாது.

ஆகவே தமிழகத்து ‘மரபணு’வையே எடுத்துக்கொள்வோம். அதிலும் மரபு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மரபு என்பது குலவழி மட்டுமல்ல. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குருளை என்று இளமைப் பெயர்களைச் சொல்கிறது. அங்கே மரபு என்றால் வழக்கு, அமைந்த முறை. உடல் அமையும் முறையைத் தாங்கும் நுண்பொருள் என்று மரபணுவுக்குப் பொருள் கொள்ள இடம் இருக்கிறது. பரம்பரைக்கு அந்த இடம் இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள். அதை வீட்டில் யார் வாசிப்பார், வாசித்து யாரைப் பார்ப்பார் என்று நினைப்பதில்லை. நம் ஊரில் ஒரு கலியாணப் பேச்சு முறிய ‘அந்தக் குடும்பத்திலை வலிப்பு இருக்காம்’ என்ற ஒரு வரி போதும். உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2017இல் வெளியிட்ட வகைப்பாடே ‘ஜெனடிக்’ என்றால் பெற்றோரிடமிருந்து வந்தது என்று பொருளல்ல எனத் தெளிவாகச் சொல்கிறது. அதன் முதல் ஆசிரியர் ஷெஃபர்தான்.

காரணம் மரபணுவில் இருந்தால் ‘மரபணு வலிப்பு’. பெற்றோரிடமிருந்து வந்தது உறுதியானால் ‘பரம்பரையாக வந்த மரபணு வலிப்பு’. பிள்ளையில் புதிதாகத் தோன்றியிருந்தால் ‘புதிய விகாரத்தால் வந்த மரபணு வலிப்பு’. நீளம்தான், எழுதுங்கள். புதிய விகாரம் என்றால் அதன் கீழே, அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பெரும்பாலும் குறைவு, மருத்துவரிடம் கேட்டறியுங்கள் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.