தரநிலை: சொல்லும், அந்தப் பணியில் தலைமையும்

இளம் பொறியாளர் ஒருவருக்கு ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ பணிக்காக விருது கிடைத்தால், தமிழில் அது ‘தர மேம்பாட்டு விருது’ என்று ஆகிவிடுகிறது. அது பிழை. தரம் பொருளிடம் இருப்பது. தரநிலை, பலர் கூடி ஒப்புக்கொண்டு எழுதிவைத்த விதி.

ஆங்கிலச் சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சு. படை திரளும் கொடிக்கு அங்கே ‘எஸ்தாந்தார்’ என்று பெயர். மூல அளவை என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. அந்தக் கருத்து காவிரிக்கரைக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘ராஜகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால்’ நெல் அளக்கச் சொல்கின்றன. ‘ஆடவல்லான்’ என்ற மரக்கால் ‘ராஜகேசரி’ என்ற அளவையோடு ஒத்திருக்க வேண்டும் என்பதே அங்கே விதி.

டெல்டாவில் ‘தரம்’ என்றால் வகைப்பாடு. நிலத்தின் ‘ஏ’ பதிவேட்டில் ‘மண் தரம்’ என்றே ஒரு கலம் உண்டு. அதனால் அந்தச் சொல் மட்டும் இங்கே போதாது. ‘ஸ்டாண்டர்ட்’ என்பதற்கு ஆக்கிய ‘செந்தரம்’ நல்ல சொல்தான், ஆனால் பரவலாகப் புழங்கவில்லை. ‘தரநிலை’ நிலைத்துவிட்டது, அதையே எழுதலாம்.

வேறுபாட்டை நெல்லில் பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது அரசு வைத்த வரம்பு. மழைக்காலத்தில் தளர்த்துவதும் உண்டு. அந்த ஈரப்பதத்தை எப்படி அளப்பது என்று சொல்வதுதான் தரநிலை. பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. தானியத்துக்கு வகுத்த ‘ஐ.எஸ்.ஓ. 712’ முறையில், அரைத்த மாதிரி சுமார் 5 கிராம் எடுத்து, 130 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, குறைந்த எடையைக் கணக்கிடுவார்கள். கையடக்க மீட்டர் தானியத்தின் மின்பண்பை வைத்துச் சொல்வது. களத்துச் சூடு ஆறாத நெல்லும், பனியில் மேலே நனைந்த நெல்லும் அதைத் தவறாகக் காட்ட வைக்கும். ஆகவே மீட்டரை, உலர்த்தி எடை பார்க்கும் முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். வரம்பில் சண்டை வரும் இடங்களில் பல, உண்மையில் அளவிடலில் வரும் சண்டைகள்.

இத்தகைய விதியை எழுதும் பணிக்குழுவை நடத்துபவர் கன்வீனர், தமிழில் கூட்டுநர். வரைவுக்கு வரும் ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்பு, மறுப்பு, காரணம் மூன்றையும் பதிய வைப்பது அவர் பொறுப்பு. ‘இந்தப் பிரிவு சரியில்லை’ என்று மட்டும் அனுப்பினால் எடுபடாது. பிரிவு எண்ணோடு, மாற்று வாசகத்தையும் எழுதித்தர வேண்டும். ஐ.எஸ்.ஓ. வரைவு தேற, வாக்களித்த பங்கேற்பு உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பதிவான மொத்த வாக்குகளில் எதிர்ப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருத்தொருமிப்பு என்றால் எல்லோரும் ‘ஆம்’ என்பதல்ல. முக்கியமான விஷயத்தில் விடாப்பிடியான எதிர்ப்பு இல்லாதிருப்பது.

இங்கே இளையவர் தலைமை அபூர்வம். பயன் தெரிய ஆண்டுகள் ஆகும், நிறுவனங்களும் அந்த நேரத்தை வேலையாக எண்ணுவதில்லை. அதனால்தான் பாராட்டு தேவை. மின்துறைத் தரநிலைகளை எழுதும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2010இல் இளம் தொழில்வல்லுநர் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயிலரங்கில் பங்கேற்பாளர்களே தங்களுக்குள் மூவரைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

ஆகவே, தொடக்கத்தில் சொன்ன விருதுக்குத் தமிழில் ‘தரநிலை ஆக்கத்தில் இளம் தலைமை விருது’ என்று பெயர் வைக்கலாம். பாராட்டுரையில் ‘சிறந்த பங்களிப்பு’ என்று நிறுத்தாமல், எந்தக் குழு, எந்த வரைவு, எந்தப் பிரிவில் இருந்த முட்டுக்கட்டை அவரால் தீர்ந்தது என்று எழுதுங்கள்.