ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால், "போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆயில் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் நிறைய வண்டிகளுக்கு இன்ஜினைப் பிரிக்கவே தேவையிருக்காது. ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஒரு வாஷர், இல்லையென்றால் டேப்பெட் கவர் பேக்கிங் (இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர்), அவ்வளவுதான். கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உண்மையான வேலையே அதுதான்.

ஆயில் மேலே எங்கோ கசிந்து, இன்ஜின் பக்கவாட்டில் வழிந்து, கடைசியில் கீழே இருக்கும் போல்ட்டில் சேர்ந்து சொட்டும். வண்டி ஓடும்போது காற்று வேறு அதைப் பின்பக்கம் தள்ளிவிடும். "அண்ணே, அடிப் பேக்கிங் போயிடுச்சாம், இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க" என்று ஒரு தம்பி 100 சிசி பைக்கைக் கொண்டுவந்தார். ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி ஈரம் இருந்தது உண்மைதான். கழுவித் துடைத்து ஓடவிட்டுப் பார்த்தால், சிலிண்டர் ஹெட்டில் டேப்பெட் மூடிக்கு அடியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. மூடியைக் கழற்றினோம். உள்ளே இருந்த ஓ-ரிங் சூட்டில் வெந்து தட்டையாகிக் கிடந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. புது ஓ-ரிங்கின் விலை ஒரு டீ, வடைக் காசு.

கண்டுபிடிக்கும் முறை எளிது. இன்ஜின் நன்றாக ஆறியபிறகு, டீசல் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கைக் கரைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். பிறகு சந்தேகமான பகுதிகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு தெரியும். அந்தக் கோட்டின் உச்சி எதுவோ அதுதான் உங்கள் இடம். சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் பாருங்கள். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட்டாக இருக்கலாம். சக்கரத்தின் உள்பக்கம் வழிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

காரில் அடிக்கடி பார்ப்பது டேப்பெட் கவர் கசிவு. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயான சைலன்சர் மேனிஃபோல்டில் ஆயில் விழுந்து கருகும். சிக்னலில் நிற்கும்போது அந்த வாடை உள்ளே வரும். கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கை எடுத்து, இரண்டு முகங்களையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அதன் வழியே மறுபடி கசியும். புதுப் பேக்கிங்கை வைத்து, நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கும் நெடுக்குமாக, எல்லா போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இவை சின்ன போல்ட்டுகள், பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இறுக்கம். முறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், போல்ட் ஒடியும். கேஸ்கட் (பேக்கிங்) பசையை அள்ளிப் பூசுவது இன்னொரு கெட்ட வழக்கம். உள்பக்கம் பிதுங்கிய பசை துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் வடிகட்டியை அடைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து. கம்பெனி சொன்ன மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு போதும்.

ட்ரெயின் போல்ட்டில் கசிவு என்றால் ஆயில் மாற்றும்போது புது வாஷர் போடுங்கள். ஸ்பேனரில் பைப் செருகி முறுக்கவே கூடாது. அலுமினியத்தில் த்ரெட் (மரை) போய்விட்டால் அப்புறம்தான் நிஜமான செலவு. காரில் ஆயில் ஃபில்டர் மாற்றியவுடன் ஒழுகினால், பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் அழுத்தத்தில் ஆயில் கொட்டும்.

சரி, புதுப் பேக்கிங் போட்டும் திரும்பத் திரும்பக் கசிகிறதா? பேக்கிங்கைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற பிரீதர் குழாய் இருக்கிறது. அது மண்ணாலும் பிசுக்காலும் அடைத்துக்கொண்டால், அழுத்தம் பலவீனமான ரப்பரைத் தேடித் தள்ளும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே தொல்லைதான். ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகளில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) திருகாமல் சும்மா வைத்து எடுத்து அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அதிகமாகக் காட்டும், குறைவாகவே ஊற்றிவிடுவீர்கள். குழாயைச் சுத்தம் செய்து, அளவையும் சரிசெய்த பிறகே அடுத்த பேக்கிங்குக்குக் காசு கொடுங்கள்.

ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் பாட்டில் மருந்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. சில நாள் ரப்பரை உப்பவைக்கும், கிழிந்ததை ஒட்டாது.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். டைமிங் பெல்ட் பக்கத்து ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பு), ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்) இரண்டும் பட்டறை வேலை. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள், வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். ஜாக்கி நழுவினால் உயிர் போகும். காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாமல், கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றாலும், பவுடரில் கோடு விழுந்ததை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "இங்கிருந்துதான் இறங்குது, இதை மட்டும் பாருங்க" என்று காட்டுங்கள். கழற்றிய பழைய பேக்கிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.