அச்சில் வராத ஆய்வுகள்

மருத்துவ இதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்யும்போது, நான் முதலில் படிப்பது சுருக்கத்தை அல்ல. ஆய்வின் பதிவு எண்ணைத் தேடி எடுத்து, சோதனைகளின் திட்டத்தை முன்கூட்டியே பதிந்து வைக்கும் பொதுப் பதிவேட்டைத் திறந்துவிடுவேன். தொடங்கும் முன் எதை அளப்பதாகச் சொன்னார்கள், இப்போது எதை அளந்ததாக எழுதுகிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பன்னிரண்டாவது வாரத்தில் வலி குறைகிறதா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு, கட்டுரையாகும்போது நான்காவது வாரத் தூக்கத்தைப் பற்றிப் பேசும். வலி எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்காது. எந்தப் பலனும் இல்லாத மருந்தில்கூட இருபது விஷயங்களை அளந்தால் ஒன்றாவது தற்செயலாக 'நல்ல முடிவு' காட்டிவிட வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பில் வைப்பது, அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதுதான்.

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதி அளித்த பெரிய சோதனைகளை ஒரு குழு அலசி, 2015இல் வெளியிட்டது. 2000க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17 பலன் காட்டின. அதன் பிறகு வந்த 25இல் இரண்டுதான். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அளக்கப்போவதை முன்கூட்டியே பதிய வேண்டும் என்ற கட்டாயத்துக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

சரி, வெளிவந்ததையாவது இப்படிச் சோதிக்கலாம். வெளிவராததை என்ன செய்வது? மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை 2008இல் ஒரு குழு தேடிப் பார்த்தது. மருந்து வேலை செய்தது என அந்த அமைப்பு கருதிய 38 ஆய்வுகளில் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 நல்ல முடிவு போன்ற தோற்றத்தோடு வெளியாகியிருந்தன. இதழ்களை மட்டும் நம்பி மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவருக்கு இது தெரிய வழியே இல்லை.

லார்கைனைடு கதை இன்னும் வேதனையானது. மாரடைப்பு வந்தவர்களின் இதயத்துடிப்பைச் சீராக்க 1980இல் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள், பிளாசிபோ எனும் மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவர். வணிகக் காரணங்களால் மருந்து கைவிடப்பட்டது, ஆய்வும் கிடப்பில் போனது. அச்சுக்கு வந்தது 1993இல். இடைப்பட்ட காலத்தில் அதே வகை மருந்துகளை மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு ஏராளமானவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவை உயிரிழப்பைக் கூட்டுகின்றன என்பது 1989இல் ஒரு பெரிய சோதனையில்தான் உறுதியானது. லார்கைனைடு ஆய்வாளர்கள் எதையும் திரிக்கவில்லை, வெளியிடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நிதி கொடுத்தது யார் என்று கட்டுரையின் அடியில் எழுதுவது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. முன்பதிவு இல்லாத சோதனைகளை ஏற்பதில்லை என்று முன்னணி இதழ்களின் ஆசிரியர்கள் 2005இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது பெரிய திருப்பம். இப்போது சில இதழ்கள் இன்னொரு படி மேலே போய், ஆய்வுத் திட்டத்தை மட்டும் படித்து, முடிவு தெரியும் முன்பே வெளியிட ஒப்புக்கொள்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். மருந்து தோற்றாலும் கட்டுரை வரும் என்றால், முடிவை வளைக்க வேண்டிய தேவையே ஆய்வாளருக்கு இல்லை.

சோதனை முடிந்த 12 மாதத்துக்குள் முக்கிய முடிவுகள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஒரு சோதனையில் சேரச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவீர்களா, எப்போது என்றும் கேளுங்கள்.