ஒளு: 'அங்கசுத்தி' என்று எழுதினால் போதுமா?

தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுகிறோமே, அதற்குப் பெயர் ஒளு. புத்தகத்தில் உளூ, வுளூ என்றும் எழுதுவார்கள், வீட்டுப் பேச்சில் ஒளுதான். மொழிபெயர்ப்புகளில் இதை 'அங்கசுத்தி' என்று போடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, வடசொல் என்பதற்காக அல்ல, பொருள் பாதிதான் வருகிறது என்பதற்காக.

இதன் அரபு வேருக்குப் பொலிவு, துலக்கம், முகத்தின் அழகு என்று பொருள். கழுவுதல் என்பதற்கு அரபியில் வேறு சொல் இருக்கிறது, அந்த வேரிலிருந்துதான் முழுக்குக்குரிய 'குஸ்ல்' வருகிறது. இன்னொரு நுட்பம்: முதலெழுத்தில் உகரம் வைத்து 'வுளூ' என்றால் செயல், அகரம் வைத்து 'வளூ' என்றால் அதற்கு எடுத்து வைக்கும் தண்ணீர். பொலிவு என்ற பொருளைப் பார்த்ததும் நம்முடைய 'ஒளி'யிலிருந்து வந்ததோ என்று சிலருக்குத் தோன்றும். இல்லை, ஓசை ஒத்துப்போனது தற்செயல்.

வேரில் இருக்கும் அந்தப் பொலிவு நபிமொழியிலும் வருகிறது. இனிமேல் பிறக்கப்போகும் உங்கள் சமுதாயத்தினரை மறுமையில் எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் தோழர்கள் கேட்கிறார்கள். கன்னங்கரேலென்ற குதிரைக் கூட்டத்தில் நெற்றியும் கால்களும் வெளுத்த குதிரைகள் ஒருவருக்கு இருந்தால், அவர் தன் குதிரைகளைக் கண்டுகொள்ள மாட்டாரா என்று கேட்டுவிட்டு, ஒளுவினால் அவர்கள் முகமும் கைகால்களும் அப்படி ஒளிர வருவார்கள் என்கிறார்கள். 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் இது இருக்கிறது. நெற்றியும் கால்களும், அதாவது தண்ணீர் பட்ட அதே இடங்கள். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு 'அங்கசுத்தி'யைப் படித்துப் பாருங்கள், குதிரையும் இல்லை, ஒளியும் இல்லை.

அப்புறம் அந்த 'ள'. அரபியின் 'ளாத்' என்ற எழுத்தை உருது, பாரசீக வழியில் வருபவர்கள் ஸ, ஜ ஓசையில் சொல்வார்கள், அதனால்தான் ரம்ஜான், வுஜூ. நாம் ரமளான், ஃபர்ளு (கட்டாயக் கடமை), ஒளு என்கிறோம், பள்ளிவாசல் நீர்த்தொட்டியான 'ஹவ்ள்' நமக்கு ஹவுள். இதைக் கொச்சை என்று நினைத்துக் கூசுபவர்கள் உண்டு, கூச வேண்டியதே இல்லை. 8ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் சீபவைஹி அந்த எழுத்து நாக்கின் பக்கவாட்டிலிருந்து பிறக்கிறது என்று விவரித்திருக்கிறார். நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல் 'அல்காளி' ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' ஆனபோது உள்ளே ஒரு 'ல' நுழைந்ததும் அந்தப் பழைய ஓசையால்தான். தமிழ் நாக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, சொல்லை எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். குர்ஆனைக் கையில் எடுக்கப் போனால் அடுப்படியிலிருந்தே உம்மா கேட்பார், "ஒளு இருக்கா வாப்பா?" ஒளு எடுப்போம், ஒளுவோடு இருப்போம், ஒளு முறியும். கழுவுதல் எப்படி முறியும்? எடுத்த பிறகு ஆளோடு இருக்கிற ஒரு நிலைக்குப் பெயர் அது. நன்றாகத் தூங்கினால், வாயு பிரிந்தால் ஒளு போய்விடும், முகத்தில் ஒரு பொட்டு அழுக்கு பட்டிருக்காது, ஆனாலும் முகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். குர்ஆன் 5:6 முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கணுக்கால் வரை கால்களையும் கழுவச் சொல்கிறது, தலையை ஈரக்கையால் தடவச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அதே வசனம்தான் தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணை நாடச் சொல்கிறது. இதற்குப் பெயர் 'தயம்மும்', அந்தச் சொல்லுக்கே நாடுதல் என்றுதான் பொருள். உள்ளங்கைகளை மண்ணில் தட்டி, ஊதி உதறிவிட்டு, முகத்திலும் கைகளிலும் தடவுகிறோம். அழுக்கு நீக்குவதுதான் நோக்கம் என்றால் இதற்குப் பொருளே இல்லை. பூமி முழுவதும் தனக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது 'புகாரி' என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. உடம்பும் தண்ணீரும் மண்ணும் வணக்கத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. இந்தத் தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளு செய்வார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், நடுத்தர ஆளின் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவு அது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிதானமாகச் சட்டைக்கையை மடிக்கும்போது நாம் ஊற்றிவிடுவது எத்தனை முத்து என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்படியானால் தமிழ் என்ன? தொழுகை, நோன்பு என்று அழகான தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்ட அதே மக்கள்தான் இதற்கு மட்டும் ஒளுவை வைத்துக்கொண்டார்கள், தமிழ் தெரியாமல் இல்லை. 'உறுப்புத் தூய்மை' என்றாலும் அங்கசுத்தியின் குறைதான் வருகிறது. பொதுவாசகருக்கு எழுதும்போது முதலில் ஒருமுறை 'ஒளு, அதாவது தொழுகைக்காக முகம் கை கால் கழுவித் தூய நிலைக்கு வருதல்' என்று விளக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஒளு என்றே எழுதிவிடலாம்.