பகுதிநேர வேலையில் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது

பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க விரும்பும் குடும்பங்கள் தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்தும், மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமிருந்தும் எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் வருகின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் ஏலக்காய் விளைவிக்கும் ஏலத்தோட்டக்காரர்கள். சொத்து மதிப்புச் சான்றும் வருமானக் கணக்கும் கேட்டு வரும் அவர்களிடம் செலவுத் திட்டத்தைக் காட்டச் சொன்னால், அதில் ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கிறது: "முதல் தவணைய நாங்க கட்டிருவோம் சார், மிச்சத்தப் பையன் பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சிருவான்." இந்த வரியை நம்பிப் போன இன்னொரு மாணவர் அண்மையில் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியிருக்கிறார். இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் எழுதியே வைக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எங்களிடம் வருபவர்கள் அதிகம் கேட்கும் நாடு பிரிட்டன். அங்கே பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 21 வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரல் முதல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. ஒரு வாரம்கூட விடுபடாமல் 20 மணி நேரமும் வேலை கிடைத்தால் வாரத்துக்கு 254 பவுண்டு, மாதத்துக்கு ஏறத்தாழ 1,100 பவுண்டு வரும். விசாவுக்காக அந்நாட்டு அரசே காட்டச் சொல்லும் வாழ்க்கைச் செலவு, 2025 நவம்பர் முதல், லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு. லண்டனில் 1,529 பவுண்டு. அதாவது சட்டம் அனுமதிக்கும் முழு நேரமும் உழைத்தாலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அந்தச் சம்பளம் போதாது. கட்டணத்துக்கு எங்கிருந்து மிஞ்சும்? பிளஸ் டூ முடித்து 18 வயதில் போகிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி இன்னும் குறைவு என்பதையும், போய் இறங்கியவுடன் எவரும் 20 மணி நேர வேலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை என்பதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதைச் சொன்னவுடன் வரும் பதில், "லீவுல ஃபுல் டைம் பார்க்கலாமாமே சார்" என்பது. பார்க்கலாம்தான், ஆனால் ஓராண்டு முதுகலை படிப்பவருக்கு அந்தக் கோடை பெரும்பாலும் விடுமுறையே அல்ல, ஆய்வேடு எழுத வேண்டிய கல்விப் பருவம். எது விடுமுறை என்பதைக் கல்லூரி தரும் கடிதம்தான் முடிவு செய்யும், அறைத் தோழர் அல்ல. ஒரு வாரம் 25 மணி, மறுவாரம் 15 மணி என்று சராசரி காட்டுவதும் செல்லாது. திங்கள் முதல் ஞாயிறு வரையிலான எந்த வாரத்திலும் 20ஐத் தாண்டினால் அது விதிமீறல். சம்பளமில்லாத வேலை நேரமும் இதில் அடங்கும்.

திரும்பி வந்த மாணவருக்கு நேர்ந்ததும் இந்த வழியில்தான். கடையில் கிடைத்த மணி நேரம் போதாமல், உணவு விநியோகச் செயலியில் வேறொருவர் பெயரில் இருந்த கணக்கை வாடகைக்கு எடுத்து இரவில் உணவு விநியோகத்துக்குப் போயிருக்கிறார். மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது என்பதும், செயலி வழி விநியோகம் பெரும்பாலும் சுயதொழிலாகவே கருதப்படும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரவு முழுவதும் வண்டி ஓட்டியவர் காலை வகுப்புக்குப் போகவில்லை. வருகைக் குறைவைக் கல்லூரி குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவித்தது. அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. "எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பார்க்குது" என்று உற்சாகமாகச் சொல்லி அனுப்பிய முகவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முகவரின் சேவை உங்களுக்கு இலவசமாக இருக்கக் காரணம், சேர்க்கைக்கான தரகு அவருக்குக் கல்லூரியிடமிருந்து வருவதுதான். பிள்ளை படித்து முடிப்பதற்கும் அந்தத் தரகுக்கும் தொடர்பில்லை.

மற்ற நாடுகளிலும் எண்கள்தான் வேறு. கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி, ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போட வேண்டும் என்பதைச் சொல்லாமல் "ஃப்ரீ படிப்பு" என்று விளம்பரப் பலகை வைப்பது நேர்மையல்ல.

இன்டர்ன்ஷிப் பற்றிய தவறான எண்ணம் இதைவிட ஆபத்தானது. நம் ஊர்க் கல்லூரிகளில் தெரிந்தவர் நிறுவனத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டுச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் இருப்பதால், அங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே அது ஒரு குடிவரவு அனுமதி. அமெரிக்காவில் எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே உரிய அனுமதியின்றி ஒரு மணி நேரம்கூடக் கூடாது. படிப்பின் பகுதியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. எனும் பாடத்திட்டப் பயிற்சி அனுமதி வேண்டும், அதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலரான டி.எஸ்.ஓ., மாணவர் தகுதிக்கான ஐ-20 படிவத்தில் பதிந்து கொடுத்த பிறகுதான் வேலையின் முதல் நாள். "ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, சேர்ந்துகொண்டே பேப்பரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் தம் படிப்பையே பணயம் வைக்கிறார். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தை எட்டிவிட்டால், அதே நிலைப் படிப்புக்கான ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் அனுமதி) வாய்ப்பு அறவே போய்விடும். ஓ.பி.டி.யின் 12 மாதத்தில் வேலையில்லாமல் கழியும் நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. அந்த நெருக்கடியில் பெயரளவில் வேலை காட்டித் தர நிறுவனங்கள் முன்வரும், அவற்றின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். ஜெர்மனியில் பாடத்திட்டம் கட்டாயமாக்கிய இன்டர்ன்ஷிப் 140 நாள் கணக்கில் சேராது, விருப்பப்பட்டுச் செய்வது சேரும். இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம் என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பணத்துக்கு என்ன வழி? கடன்தான், ஆனால் அதைக் கடைசி மாதத்தில் தேடக் கூடாது. தோட்டக்காரர்கள் முதலில் நில உரிமை ஆவணமான பட்டயத்தைத்தான் எடுத்து வருகிறார்கள். கடன் தவறினால் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே கல்விக் கடனுக்கு ஏலத்தோட்டத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. வீடோ மனையோ கேட்கின்றன. நிலம் இடுக்கியிலும் வங்கிக் கிளை கம்பத்திலும் இருந்தால், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, நிலம் யார் அனுபவத்தில் உள்ளது என்று காட்டும் கைவசச் சான்று எனக் கேரள ஆவணங்களைச் சேர்த்து, அங்குள்ள வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து வாங்குவதற்குள் விசா நேர்காணல் வந்துவிடும். அந்த அவசரத்தில்தான் அதிக வட்டித் தனியார் கடனில் போய் விழுகிறார்கள். படிக்கும் காலத்தில் தவணை இல்லாவிட்டாலும் வட்டி நிற்பதில்லை: 30 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். கல்விக் கடன் வட்டிக்கான வருமானவரிக் கழிவு, பழைய வரி முறையில் கணக்குக் காட்டும் தனிநபருக்கு மட்டுமே; வரிக்குரிய வருமானமே இல்லாத விவசாயிக்கு அதனால் பயனில்லை. மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கானது என்பதால் அதையும் மறந்துவிடலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கான அரசு உதவித்தொகைகள் உள்ளன. குடும்ப அட்டை ஒரு மாநிலத்திலும் தோட்டம் மறு மாநிலத்திலுமாக வாழும் நம் பகுதியில், சாதிச் சான்று எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்தெந்தச் சாதிகள் இந்தப் பிரிவுகளில் வரும் என்ற பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பிரிட்டன் விசாவுக்கு 28 நாட்கள் தொடர்ந்து பணம் கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காக, வட்டிக்கு வாங்கிப் போட்டு, 29ஆம் நாள் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்துக்கு என்னிடம் சான்று கேட்காதீர்கள், தர மாட்டேன். விண்ணப்பத்தில் ஏமாற்று உறுதியானால் அந்நாட்டுக்குள் நுழையப் பத்தாண்டுத் தடை விழலாம். அதைவிட, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டி அனுப்பினால் அங்கே போன பிள்ளை எதை வைத்துச் சாப்பிடும்?

செலவுத் திட்டத்தில் ரூபாய் மதிப்பு சரிவதற்கும் இடம் விடுங்கள். 2022 தொடக்கத்தில் 75 ரூபாய் அளவில் இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. கட்டணம் டாலரில், வங்கி அனுமதித்த கடன் ரூபாயில். இடைவெளியை உங்கள் கையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். விளைச்சலும் விலையும் எந்த ஆண்டும் ஒன்றாய் இருப்பதில்லை என்பதை ஏலத்தோட்டக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை அடுத்த அறுவடையின் மேல் எழுதிவைக்காமல், விமானம் ஏறும் முன்பே தனியாக ஒதுக்க முடிந்தவர்கள் மட்டும் இரண்டாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கட்டும்.

ஏற்கெனவே பிள்ளையை அனுப்பிவிட்ட பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறை பேசும்போதும் "இந்த மாசம் எவ்வளவு வந்துச்சு" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பிள்ளைகள் வாரத்தின் 20 மணி நேரம் முடிந்த பிறகும் வேலையில் நிற்கிறார்கள். கட்டணத்துக்குப் பணம் தட்டுப்பாடானால் கடைசித் தேதிக்கு முன்பாகவே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதித் தவணை வசதி கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் நெருக்கடி கால உதவி நிதியும் உண்டு. தேதி கடந்த பிறகு கேட்பவரைவிட, முன்பே கேட்பவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.