ஃபேர்னஸ் என்றால் நேர்மையா?

இணைய ஓவியப் போட்டிகளின் விதிமுறைகளில் 'ஃபேர்னஸ்' வரும் இடத்திலெல்லாம் 'நேர்மை' என்று எழுதிவைக்கிறார்கள். போன வாரம்கூட ஒன்றைப் படித்தேன்: "போட்டியின் நேர்மை கருதி நடுவர் முடிவே இறுதியானது." எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது?

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னதுதான். 'ஃபேர்' என்றால் பழைய ஆங்கிலத்தில் அழகு. அப்புறம் களங்கமில்லாதது, ஒரு பக்கம் சாயாதது என்று பொருள் நகர்ந்தது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பொருள்.

நேர்மை அது இல்லை. 'நேர்' என்பதிலிருந்து வந்த சொல் அது. பொய்யில்லாமல், ஏமாற்றாமல் நடக்கும் குணம். அடுத்தவர் படத்தை அப்படியே நகலெடுத்துத் தன் பெயரைப் போட்டவர் நேர்மை தவறியவர், சந்தேகமே இல்லை. ஆனால் வாக்கெடுப்பில் பரிசு தரும் ஒரு போட்டியைப் பாருங்கள். ஒருவர் முதல் நாளே படத்தை ஏற்றிவிட்டார், இன்னொருவர் கடைசி நாள் இரவு ஏற்றினார், இரண்டும் கெடுவுக்குள்தான். முதல் படத்துக்கு வாக்கு விழப் பத்து நாள், இரண்டாவதற்குச் சில மணி நேரம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, போட்டி மட்டும் கோணல். அந்தக் கோணலை 'நேர்மை' என்ற சொல்லால் சுட்டிக்காட்டவே முடியாது. 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு உருவாக்கிய படம் டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு வாங்கியபோது எழுந்த சண்டையும் இப்படித்தான். அனுப்பியவர் மிட்ஜர்னி பெயரைப் போட்டேதான் அனுப்பியிருந்தார். கையால் வரைந்த படங்களோடு அதை ஒரே தட்டில் வைக்கலாமா என்பதுதான் பலருடைய கேள்வி.

இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: நடுநிலை. குறளில் 12-ஆவது அதிகாரமே நடுவு நிலைமைதான். 'நடுவர்' பிறந்ததும் அதே 'நடு'விலிருந்து. நடுநிலை என்றால் கருத்தே சொல்லாமல் ஒதுங்குவது, அது நடுவருக்குப் பொருந்தாது என்று சிலர் வாதாடுகிறார்கள். இன்றைய பேச்சில் அந்தச் சாயல் ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் 118-ஆவது குறள் என்ன சொல்கிறது? "சமன்செய்து சீர்தூக்குங் கோல்." தராசு முதலில் சமமாக நிற்கிறது, பிறகு எடையைக் காட்டுகிறது. முடிவு சொல்லாத தராசை யார் வைத்துக்கொள்வார்கள்? படங்கள் வருவதற்கு முன்பே வெறும் தட்டுகளைச் சமன்செய்து வைப்பதுதான் போட்டி விதிகளின் வேலை.

'நியாயம்' வடசொல் என்று தள்ளுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தோற்றவர் "இது நியாயமா?" என்றுதான் கேட்கிறார், அந்தச் சொல் இருக்கட்டும். அதோடு 'தன்மை'யை ஒட்டி 'நியாயத்தன்மை' ஆக்குவதுதான் பொறுக்கவில்லை. ஆங்கிலத்தில் 'னஸ்' என்று முடிந்தால் போதும், மொழிபெயர்ப்பாளர் கை தானாகத் 'தன்மை'யைத் தேடுகிறது. அந்த வாக்கியம் யாருக்காக, எதற்காக என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

நேர்மை என்று எழுதியதும் பாரம் முழுக்க வரைபவர் தலையில் விழுகிறது, போட்டி நடத்துபவர் தப்பித்துவிடுகிறார். "நடுவர்கள் நேர்மையாக முடிவெடுப்பார்கள்" என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "நடுநிலை காக்க, படங்கள் பெயரை மறைத்து எண் மட்டும் இட்டு நடுவர்களிடம் தரப்படும். போட்டியாளரின் உறவினரோ நண்பரோ நடுவராக இருக்க மாட்டார். வாக்கெடுப்பு எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தில் தொடங்கும்."